நினைவும் மீட்பும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமென எம்மைக் கேட்டபொழுது, செய்யுள் நயமோ இலக்கண ஆராய்ச்சியோ வந்து சேருமென்றே எதிர்பார்த்திருப்பர். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்று, இருபதாண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் ஒருவரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் இயலும்? ஆயினும் நாம் ஈண்டு எழுதப் புகுவது கணினியின் நினைவகத்தைப் பற்றியாகும். அதற்குக் காரணம் உண்டு. இம்மலரில் பிறிதோரிடத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த பழைய மாணவர் ஒருவரின் நினைவுக் கட்டுரை வெளிவந்துள்ளது. அதில் ஓரிடத்தில் "என் வகுப்புத் தோழன் ஒருவன்" என்று மட்டும் அச்சாகியிருக்கக் காண்பீர்கள். அவ்விடத்தில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அஃது இல்லாது போனமைக்கு நாமே பொறுப்பு. அப்பொறுப்பை ஒப்புக்கொள்வதும், அது நேர்ந்த விதத்தை விளங்கவைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மலர்க் குழுவினர் முதியோரின் நினைவுகளைத் தொகுக்கும் பணியை எம்மிடம் ஒப்படைத்திருந்தனர். மேற்கூறிய பெரியாரோ, "வீட்டிலிருந்து சொல்லமாட்டேன், படித்த இடத்தில் இருந்தே சொல்வேன்" என்று பேரனின் முச்சக்கர வண்டியில் கல்லூரிக்கே வந்துவிட்டார். கணினி அறையின் சாளரத்தருகே அவரை அமர்த்தினோம். அவர் சொல்லச் சொல்ல, நாம் தட்டச்சுச் செய்தோம். மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாளிலேதான் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாளின் கதையைத் தொடங்கினார். யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய நாள் அது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கடலில் மூழ்கியதும் அன்றேயாம். ஊர்ச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு தம்பலகாமம் நோக்கி நடந்தபோது, கொல்லையில் கட்டியிருந்த கன்றை அவிழ்த்து விடுவதற்காகத் தம் வகுப்புத் தோழன் ஒருவன் திரும்பி ஓடினான் என்றும், அதன்பின் அவனைத் தாம் காணவேயில்லை என்றும் பெரியார் கூறினார். அவன் பெயரை மும்முறை சொன்னார். நாம் அதனைத் தட்டச்சுச் செய்தோம், கோப்பைச் சேமித்தோம். எழுதியாயிற்று என்ற நம்பிக்கையில் எமது மனம் அப்பெயரைக் கைவிட்டது.

அவ்வறையின் கணினி பழையது, அதன் நினைவகம் 2 கிகாபைற்று அளவினது, வன்தட்டோ நோயாளி. அதனைப் பழுது பார்த்து இலினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவியவன், உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் எம் மாணவன் ஒருவன். மலர் வேலைக்குரிய கோப்புகளை அவன் வன்தட்டில் வைக்கவில்லை. வேகம் கருதி, நினைவகத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி அங்கே வைத்திருந்தான். எழுதும் மென்பொருளும், பக்கம் அமைக்கும் மென்பொருளும், படங்களை வருடும் மென்பொருளும் ஒருங்கே கையாளத்தக்க பொது இடம் அது; பகிர்நினைவகம் எனப்படும். மாலைதோறும் அங்குள்ளவற்றை வன்தட்டிற்குப் படியெடுத்து வைப்பது அவன் வழக்கம். நோயுற்ற தட்டுக்கு வேலை குறையட்டுமென்று, நினைவகம் நெருக்கடிப்படும்போது உதவும் இடமாற்று வெளியையும் அவன் நிறுத்தியிருந்தான். இவையனைத்தையும் அவன் எமக்குச் சொல்லியேயிருந்தான். நாம்தான் தலையசைத்தோமேயன்றி விளங்கிக்கொள்ளவில்லை.

பெரியார் அன்று வீடு சென்ற பின்னர், அவர் கொணர்ந்த பழைய நிழற்படங்களை ஒவ்வொன்றாக வருடினோம். பெரிய பெரிய படக் கோப்புகள் பகிர்நினைவகத்தில் குவிந்தன. திரை மெல்ல மெல்ல அசைவற்றது; சுட்டி நகர மறுத்தது; வன்தட்டு ஓயாது இரைந்தது. சிறிது நேரத்தில், எழுதும் மென்பொருள் தானே மூடிக்கொண்டது. எமக்கு நெஞ்சு பதறியது. கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்தோம். திரை இருண்டது. மீண்டும் இயக்கியபோது மூன்றாம் நாளின் எழுத்தில் ஒன்றும் எஞ்சவில்லை.

அம்மாணவனை அழைப்பித்தோம். உடன் மாணவர் பலர் நிற்க, "உன் கெட்டித்தனத்தால் ஒரு பெரியவரின் வாழ்வு அழிந்தது" என்று கடிந்து பேசினோம். அவன் ஒன்றுதான் கேட்டான்: "சேர், எழுதின மென்பொருள் மூடினாப் பிறகு நீங்கள் மெஷினை நிப்பாட்டினீங்களா?" "ஆம்" என்றோம். அவன் தலைகுனிந்தான், வேறொன்றும் சொல்லவில்லை. அம்மௌனம் எம்மை இரவெல்லாம் உறுத்தியது. மறுநாள் பள்ளி விட்டதும் அவனை அருகே இருத்தி, நடந்ததை முதலிலிருந்து விளக்குமாறு கேட்டோம். அன்று தொடங்கிய பாடம் பல வாரம் நீண்டது. கற்றதை இயன்றவரை எளிய தமிழில் இங்கே தருகின்றோம்.

பணிசெயல் முறைமையின் நடுவே இருந்து அனைத்தையும் ஆளும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் வித்தினுள்ளே இருக்கும் பருப்பைக் குறிக்கும். இலினக்ஸின் கெர்னலை 1991இல் எழுதி வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். நினைவகத்தைக் கெர்னல் சிறு சிறு பக்கங்களாகப் பகுத்து ஆள்கின்றது. இக்கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4,096 பைற்று. ஆகவே எமது பழைய கணினியில் இருந்தவை 524,288 பக்கங்கள். ஓடுகின்ற மென்பொருள்கள் அனைத்தும் அவற்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேண்டுவோர் பெருகிப் பக்கங்கள் குறையும்போது, யாரிடமிருந்து எதனைத் திரும்பப் பெறுவது என்பதே மீட்பு என்னும் வேலை.

இச்சிக்கல் புதிதன்று. 1962இல் மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினியிலேயே, சிறிய நினைவகத்தையும் பெரிய காந்த உருளையையும் ஒன்றுபோல் காட்டி, பக்கங்களை இரண்டிற்குமிடையே மாற்றிவைக்கும் முறை கையாளப்பட்டது. எப்பக்கத்தை வெளியேற்றுவது சிறந்தது என்பதற்கு 1966இல் பெலாடி என்னும் ஆராய்ச்சியாளர் விடை கண்டார். எதிர்காலத்தில் மிகப் பிந்தித் தேவைப்படும் பக்கம் எதுவோ, அதனை வெளியேற்றுவதே உத்தமம் என்பது அவ்விடை. ஆனால் எதிர்காலத்தை அறிவார் யார்? ஆகையால் கடந்த காலத்தையே கெர்னல் துணைக்கொள்கின்றது. அண்மையில் தொடப்பட்ட பக்கம் மீண்டும் தொடப்படும் என்றும், நெடுநாள் தொடப்படாதது இனியும் தொடப்படாது என்றும் கருதி, பக்கங்களை வரிசைப்படுத்தி வைக்கின்றது. 2022இல் வெளிவந்த 6.1ஆம் பதிப்பில், பக்கங்களைப் பல தலைமுறைகளாகப் பிரித்து எண்ணும் புதுமுறையும் சேர்ந்துகொண்டது.

மீட்பு எப்போது தொடங்கும்? கந்தளாய்க் குளத்து மதகில் நீர்மட்டம் காட்டும் அளவுக்கோல் போன்று, கெர்னலிடமும் மூன்று குறிகள் உள்ளன. வெற்றுப் பக்கங்களின் தொகை தாழ்குறிக்குக் கீழே இறங்கினால், பின்னணியில் உறங்கும் பணியாள் ஒருவன் விழித்து மீட்கத் தொடங்குவான்; உயர்குறியை எட்டியதும் மீண்டும் உறங்கச் செல்வான். அதற்கும் கீழே உள்ள கடைக்குறியைத் தொட்டுவிட்டாலோ, பக்கம் கேட்டு வந்த மென்பொருளே தன் வேலையை நிறுத்திவிட்டு மீட்பு வேலையில் இறங்க வேண்டும். திரை அசையாது நின்றதற்கு ஒரு காரணம் இதுவேயாம்.

நிற்க. மீட்கப்படும் பக்கங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. எம் போன்ற தமிழாசிரியர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. வன்தட்டிலுள்ள கோப்பொன்றின் படியாக நினைவகத்தில் இருக்கும் பக்கம், மாற்றம் எதுவும் பெறாதிருப்பின், அதனை அஞ்சாது கைவிடலாம். மூலம் தட்டில் உளது. வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூலமே இல்லாத பக்கங்களும் உள. ஓடும் மென்பொருளின் சொந்தக் குறிப்புகளும் பகிர்நினைவகத்தில் உள்ளனவும் அவ்வகையின. அவற்றை விடுவிக்க வேண்டின், முதலில் இடமாற்று வெளியில் எழுதிவைத்த பின்னரே விடுவிக்கலாம். அவ்வெளி இல்லையேல் அவை நகரமாட்டா.

சுவடிகளின் வரலாறு அறிந்தார்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபின், ஓர் ஏட்டுச் சுவடி செல்லரித்தாலும் நூல் அழியாது. படி பல்கிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அவற்றுள் அச்சு நூல்களிற் பலவற்றைப் பின்னர் வேறிடத்திலிருந்து பெற முடிந்தது. வேறு படியின்றி இருந்த ஏட்டுச் சுவடிகளை எங்கிருந்து பெறுவது? நெருப்புக்கு இவ்வேறுபாடு தெரியாது. கெர்னலுக்குத் தெரியும்.

பகிர்நினைவகத்திற்கு உரிய தனிச்சிக்கல்கள் இரண்டு. நூலக வாசிப்பறையில் ஒரே நூலை நாற்பது மாணவர் சுற்றியிருந்து படிக்கின்றனர் என்று கொள்வோம். அந்நூலை எடுத்து உள்ளே வைக்க வேண்டின், நாற்பதின்மரில் ஒருவரையும் விடாது அறிவித்தல் வேண்டும். பகிரப்பட்ட பக்கத்தை மீட்கும் கெர்னலும், அதனைச் சுட்டி நிற்கும் மென்பொருள்கள் யாவற்றின் அட்டவணைகளிலுமிருந்து அப்பக்கத்தை நீக்கியாக வேண்டும். முற்காலக் கெர்னல் இதற்காக ஒவ்வொரு மென்பொருளின் அட்டவணையையும் துருவிக்கொண்டு செல்லும். 2003இல் வெளிவந்த 2.6ஆம் பதிப்பிலோ, பக்கத்திலிருந்தே அதனைச் சுட்டுவோரைத் தேடிப் போகும் எதிர்வழி முறை அமைந்தது. நூலின் உள்ளட்டையிலேயே வாசிப்போர் இருக்கும் இடம் குறித்திருந்தாற் போன்றது இது.

மற்றைச் சிக்கல் உரிமை பற்றியது. தனி மென்பொருளின் பக்கங்கள் அம்மென்பொருள் மடிந்ததும் தாமே விடுபடும். பகிர்நினைவகமோ அத்தன்மைத்தன்று. ஆக்கியோரும் பயன்படுத்தியோரும் அகன்ற பின்னும், யாரேனும் வந்து "இது வேண்டாம்" என்று நீக்கும் வரை அது கிடக்கும். சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியருக்குப் பயன்பட்டவை அவை. 1957இல் அவர்கள் கடற்றளத்தைக் கையளித்துச் சென்றனர். தாங்கிகள் எங்கும் போகவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டினுள் வெறிதே நின்றன. 2022 சனவரியில் செய்த உடன்படிக்கையின் பின்னரே, 14 ஓர் இந்திய நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இருசாராரின் கூட்டு நிறுவனத்திற்கும் என்று பங்கு வகுக்கப்பட்டன. இடம் இருந்தும் பயனில்லை. உரியார் இன்னார் என்று தெளிவின்மையால் எடுத்தாளவும் இயலவில்லை. கைவிடப்பட்ட பகிர்நினைவகத்தின் நிலையும் இதுவே.

இவ்விரண்டாம் சிக்கலுக்குக் கெர்னல் எழுதுவோர் கண்ட வழிகளுள் ஒன்று எமக்கு மிகவும் பிடித்தது. திரையில் படம் வரையும் பகுதி பெரும்பெரும் பகிர்பக்கங்களை வைத்திருக்கும். அவற்றுட் சிலவற்றை, "இப்போது எமக்கு இவை வேண்டா, நெருக்கடி வரின் எடுத்துக்கொள்க" என்று குறித்துவைக்க மென்பொருளுக்கு வழி செய்துள்ளனர். நெருக்கடி வந்தால் கெர்னல் அவற்றைச் சேமியாமலே எடுத்துக்கொள்ளும். மென்பொருள் மீண்டும் கையாளப் புகும்போது, "அவை உளவா, போயினவா?" என்று முதலிற் கேட்டறிந்து, போயிருப்பின் புதிதாக வரைந்துகொள்ளும். எது இன்றியமையாதது, எது விடத்தக்கது என்பதை உடையவனே முன்கூட்டிச் சொல்லிவைத்தல் எத்துணைப் பெரிய உதவி!

இனி அன்றைய தினத்துக்கு வருவோம். பகிர்நினைவகத்தில் படங்கள் குவிந்தன. இடமாற்று வெளி இன்மையால் அவற்றைக் கெர்னலால் நகர்த்த முடியவில்லை. எனவே, மூலம் தட்டிலுள்ள பக்கங்களையே, அதாவது மென்பொருள்களின் நிரல்களையே, அது கைவிட்டது. அடுத்த கணமே அவை வேண்டப்பட, நோயுற்ற தட்டிலிருந்து மீண்டும் படித்தது, மீண்டும் கைவிட்டது. தட்டு இரைந்த ஓசை அதுதான். இறுதியில், வேறு வழியின்றி, மிகுந்த நினைவகத்தைப் பிடித்திருந்த மென்பொருளைத் தேர்ந்து நிறுத்தியது. முறைமை முழுவதும் வீழாதிருக்க ஒருவரைப் பலியிடும் கடைசி ஏற்பாடு அது.

அம்மாணவன் எமக்கு ஓர் அட்டவணையைக் காட்டினான். "பார்த்தால் மீட்கக்கூடிய இடம் நிறைய இருக்கிற மாதிரித் தெரியும், சேர். ஆனால் பகிர்நினைவகத்தையும் அதுக்குள்ளதான் எண்ணுறாங்கள். அதனால்தான் 2014இல் 'உண்மையில் கிடைக்கக்கூடியது' என்று வேறொரு கணக்கும் சேர்த்தவங்கள்" என்றான். பின்னர், நாம் கேட்க அஞ்சியிருந்ததைத் தானே சொன்னான்: "கெர்னல் நிறுத்தினது எழுதுற மென்பொருளைத்தான். நீங்கள் சேமிச்ச கோப்பை அது தொடேல்லை. பகிர்நினைவகத்தில் அப்பிடியே இருந்தது. மின்சாரம் போனாப் பிறகுதான் அது போனது."

எமக்கு விளங்கியது. இயந்திரம் தன் கடமையைச் செய்தது. மூலமில்லாத பக்கத்தைக் கைவிடாமல், வேறெதையெல்லாமோ இழந்து காத்து நின்றது. பொறுமையின்றிப் பொத்தானை அழுத்திய விரல் எம்முடையது. அதனினும் கசப்பான உண்மையொன்று உண்டு. பெரியார் மும்முறை சொன்ன பெயரை, "மூலம் தட்டில் உளது" என்று தவறாக எண்ணி, எமது நெஞ்சும் கைவிட்டிருந்தது. கெர்னல் செய்யாத பிழையை நாம் செய்தோம்.

மறுநாட் காலை, எந்த மாணவர் முன்னிலையில் அவனைக் கடிந்தோமோ, அதே மாணவர் முன்னிலையில், "பிழை எம்முடையது, இவனுடையதன்று" என்று கூறினோம். அவன் வெட்கத்தோடு, "நானும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்காவது படியெடுக்க வைச்சிருக்கலாம், சேர்" என்றான். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழிந்தும், தன் குறையைத் தானே தேடி எடுத்து வைக்கும் அப்பண்பை அன்று அவனிடம்தான் கற்றோம்.

பின்னர் உவர்மலையிலுள்ள பெரியாரின் இல்லஞ் சென்று, நடந்ததை மறையாது கூறினோம். அவர் சினக்கவில்லை. "எழுதிக்கொள் தம்பி, மறுபடி சொல்கிறேன்" என்றார். விமானங்களைச் சொன்னார், புகையைச் சொன்னார், தம்பலகாமம் சென்ற நடையைச் சொன்னார். கன்றின் நிறம் கூட வந்தது. தோழனின் பெயர் மட்டும் வரவில்லை. கண்ணை மூடி நெடுநேரம் இருந்தார். "அண்டைக்கு வந்ததே... நாவில்தான் நிக்குது" என்றார். அடுத்தடுத்து இருமுறை சென்றோம். வரவில்லை. நான்காம் முறை நாம் சென்றது அவரது இறுதிக் கிரியைக்கு.

எண்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே நெஞ்சில் மட்டும் இருந்த பெயர் அது. ஒரு பிற்பகல் நேரம் இருவரிடையே பகிரப்பட்டது. பின்னர் இரண்டிடத்திலும் இல்லாது போயிற்று. அவர் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும்போது, வேறொரு பெயரை இட்டு நிரப்பவும் எமக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வரியை நீக்கவும் மனம் வரவில்லை. "என் வகுப்புத் தோழன் ஒருவன்" என்றே விட்டோம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் முதியோர் சிலர், கடல் கடந்த நாடுகளிலும், இன்னும் இருத்தல் கூடும். 1942இல் நம் ஊரில் சிறுவராய் இருந்தவரோ, அவர்தம் மக்களோ, கன்றை அவிழ்க்கத் திரும்பி ஓடிய சிறுவன் ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பின், அவன் பெயரைக் கல்லூரிக்கு எழுதி அனுப்புமாறு பணிவோடு வேண்டுகின்றோம். அடுத்த மலரில் அவ்வரியைத் திருத்தி அச்சிடுவோம். பிற நினைவுகளை அனுப்ப விரும்புவோரும் இரண்டு படி எழுதி, ஒன்றைத் தம்மிடத்தே வைத்துக்கொள்க.

கணினி அறையில் இப்போது புதிய வன்தட்டு இருக்கின்றது; இடமாற்று வெளியும் இருக்கின்றது; மணிக்கொருமுறை படியெடுக்கும் சிறு நிரலொன்றை அம்மாணவன் எழுதி வைத்துச் சென்றிருக்கின்றான். இக்கட்டுரையின் முதற்படியை நாம் கையாலேயே தாளில் எழுதினோம்.